ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துப் பாய்

கண்ணை மூடி ஜெபிப்போம்னு மேடையில இருந்து சொல்லுவாங்க. நீங்க மூடாதீங்க. கைப்பிள்ளையோட போறவங்க தாசன்விளைப் பாட்டுப் பண்டிகையில கண்ணை மூடவே கூடாது. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். பிள்ளையைக் குடுத்தவருக்குத் தெரியாதா, அதை நாமதான் பாத்துக்கிடணும்னு? கையை உயர்த்திப் பாடச் சொல்லுவாங்க. ஒரு கையை உயர்த்துங்க, போதும். இன்னொரு கை பிள்ளை மேல கிடக்கட்டும்.

நீங்க கேட்டீங்களேன்னுதான் சொல்றேன். பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வாய் குடுக்கிற ஆள் நான் கிடையாது. எங்க வீட்டுக்காரங்க கூடச் சொல்லுவாங்க, உனக்குப் பேச வரும்னு கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்னு. நீங்களும் கைப்பிள்ளையோட இருக்கீங்க, முதல் தடவை போறேன்னு வேற சொன்னீங்க. இல்லைன்னா எந்த ஊர்னு கேட்டதுக்கே ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன். எந்த ஊர்னு இப்பவும் சொல்ல மாட்டேன். தப்பா நினைக்காதீங்க.

பாய் கொண்டு வந்திருக்கீங்களா? மூணு நாளைக்கும் பாய்தான் உங்க வீடு. நாலு மூலையிலயும் பழைய சேலைக் கிழிசலை முடிஞ்சு வைங்க. அங்க எல்லாப் பாயும் ஒரே மாதிரி இருக்கும். பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள ஒருத்தி வந்து காலை நீட்டிக்கிட்டு, "இது எங்க பாய்லா"ன்னு சொல்லுவா. அவளோட நீங்க சண்டை போட முடியாது, ஏன்னா அவ ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு இருப்பா. தண்ணி பாட்டிலைக் கை மாத்தி விடாதீங்க. யாராவது ஒரு வாய்னு கேட்டா, குழாய் இருக்கிற பக்கம் கையைக் காட்டுங்க. போன் நம்பரைத் துணியில எழுதிப் பிள்ளை சட்டைக்கு உள்பக்கம் தைச்சிருங்க. பேரை எழுதாதீங்க. பேர் தெரிஞ்சுட்டா எவளும் சொந்தக்காரி மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இடுப்புல தூக்கிருவா.

அப்புறம் காதுக்குப் பஞ்சு. அதை மறந்திராதீங்க. ஸ்பீக்கர் சத்தம் அப்படி. கைப்பிள்ளைக்காரங்க எல்லாரும் பஞ்சு உருட்டி வச்சு விட்டுத்தான் பிள்ளையை மைதானத்துக்குள்ள கொண்டு போவாங்க. வாசல்ல ஒரு அம்மா பஞ்சுச் சுருளை வச்சுக்கிட்டு நின்னு சும்மாவே தருவாங்க. வாங்காதீங்க. யார் கையில இருந்த பஞ்சோ. உங்க பிள்ளை பாருங்க, கிளீனர் விசிலடிச்சதுக்கே எப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குது. அதுக்குப் பஞ்சு கண்டிப்பா வேணும்.

என் பிள்ளையா? இவனுக்குப் பஞ்சே வேண்டாம். இவன் சமாதானமான பிள்ளை. இஞ்சின் பெட்டி இப்படி இரையுது, பாருங்க, என் மடியில எப்படித் தூங்குறான்னு. பேரு ஆசாப். வேதத்துல ஆலயத்துல பாடுறவருக்கு அந்தப் பேரு. எங்க வீட்டுக்காரங்கதான் வச்சாங்க. அவங்க சபைப் பாட்டுக் குழுவுல தபேலா. நான் ஏழு மாசமா இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வாசிக்க வாசிக்க இவன் வயித்துக்குள்ள துள்ளினான். பக்கத்துல இருந்த எங்க மைனி கையை வச்சுப் பாத்துட்டு, "ஏட்டி, அப்பன் தொழிலுக்கு ஆள் வந்தாச்சு"ன்னு சொன்னாங்க. மைனின்னா அவங்க அக்கா. அந்த மைனியாலதான் போன வருஷம் பண்டிகையில எல்லாமே வந்தது.

விடியக்காலமே போய் மைனி நாலு பாய் விரிச்சு இடம் பிடிச்சுட்டாங்க. மேடைக்கு நேரா, நல்ல இடம். நான் ஒரு வயசு ஆகப் போற பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனா, "நீ தள்ளிப் போயி இரு. கைப்பிள்ளை நடுவுல கத்துனா எங்களுக்குப் பாட்டுக் கேக்காது"ன்னாங்க. இவன் கத்துற பிள்ளையா? சொல்லிப் பாத்தேன். "அழாத பிள்ளைன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது, போ"ன்னு காலை நீட்டிக்கிட்டாங்க. எனக்கு நாலு பேர் பாத்தா வாய் ஒட்டிக்கிடும்.

மைதானம் முழுக்கச் சுத்தினேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல மட்டும்தான் இடம் கிடந்தது. நாலு பெட்டி, ஒண்ணு மேல ஒண்ணா, ஆளுயரத்துக்கு மேல. பாட்டு ஆரம்பிச்சா நெஞ்சுக்குள்ள அம்மி அரைக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் லேசுல யாரும் உட்கார மாட்டாங்க. அங்க ஏற்கெனவே ஒரு பாய் விரிச்சிருந்தது. அந்தப் பாய்ல ஒரு அம்மா தனியா இருந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். தடிமனான கண்ணாடி, இஸ்திரி போட்ட சேலை, பக்கத்துல ஒரு பெரிய பை. முந்தியே வந்து வேற இடம் பிடிக்க முடியும்போது ஒரு பொம்பளை எதுக்கு வேணும்னே ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் வந்து உட்காரணும்? எனக்கு அப்பவே பிடிக்கலை.

"வாம்மா, இரு இரு"ன்னு பையை நகர்த்தினாங்க. பக்கத்துல என் பாயை விரிச்சேன். முந்திரிக்கொத்து குடுத்தாங்க. நான் வாங்கி மடியில வச்சுக்கிட்டேன், தின்னலை. தெரியாதவங்க குடுக்கிற தின்பண்டத்துல என்ன வேணும்னாலும் இருக்கும்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு, மூணு மணி இருக்கும், மேடையில மைக் சரி பாக்கிறாங்க. அலோ, அலோன்னு சொல்லிக்கிட்டே இருந்தவங்க என்னத்தத் திருப்பினாங்களோ, ஈஈஈன்னு ஒரு சத்தம். பல்லு கூசிருச்சு. மைதானத்துல இருந்த அத்தனை பிள்ளையும் வீல்னு அழுது. மைனி பாய்ல கிடந்த பேத்தி எழும்பி உட்கார்ந்து கத்துது. என் பிள்ளை பெட்டிக்கு அடியில கிடக்கான், அசையலை. உதடு மட்டும் பால் குடிக்கிற மாதிரி சப்பிக்கிட்டுக் கிடந்தான். எனக்கு எவ்வளவு பெருமை! மைனிகிட்டப் போய்க் காட்டணும் போல இருந்தது.

அந்த அம்மா மேடையைப் பாக்கலை. என் பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இப்படி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கிட்டு. யாராவது உங்க பிள்ளையை அப்படிப் பாத்தா உடனே துணியைப் போட்டு மூடிருங்க. நான் மூடினேன்.

கொஞ்ச நேரத்துல இவன் முழிச்சு, உட்கார்ந்து என் வளையலை வச்சு விளையாடிக்கிட்டு இருந்தான். அவனுக்குப் பின்னால டங்குன்னு ஒரு சத்தம். அந்த அம்மா சாப்பாட்டு டப்பா மூடியைக் கல்லு மேல போட்டாங்க. நான் திரும்பினேன். ரெண்டு பாய் தள்ளி இருந்த பிள்ளை திரும்புச்சு. இவன் வளையலைச் சுத்திக்கிட்டு இருக்கான். மறுபடியும் டங். அப்புறம் இவன் தலைக்குப் பின்னால வந்து ரெண்டு கையையும் பட்டுன்னு தட்டினாங்க.

"என்ன பண்ணுதீய?"

"கோவிச்சுக்காதம்மா. பிள்ளைக்குக் காது எப்படி?"

"காதுல பஞ்சு வச்சிருக்கேன்."

"எங்கம்மா? ரெண்டு காதும் சும்மால்லா இருக்கு?"

பாத்தேன். பஞ்சு இல்லை. காலையில நான் உருட்டி வச்ச பஞ்சு, ரெண்டு காதுலயும் இல்லை. எனக்கு உச்சந்தலையில இருந்து வேர்த்துருச்சு. பிள்ளை காதுல இருந்த பஞ்சை எதுக்கு எடுப்பாங்க? நாம சபைக்காரங்க, செய்வினை அது இதுன்னு நம்பக் கூடாதுதான். ஆனா எடுத்தவங்க நம்புறவங்களா இருந்தா? வீட்டுக்குத் திரும்பி வந்து, பிள்ளையை மூடின துண்டை உதறும்போது ரெண்டு பஞ்சும் அந்த மடிப்புக்குள்ளதான் கிடந்தது. பயந்து போய்த் திருப்பிப் போட்டிருப்பாங்க.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னாங்க, "மகளே, நான் காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சர். இருபது வருஷமாப் பாக்கேன். பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தடவை கொண்டு வா, காட்டிரலாம். ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம். ஏதாவது இருந்தா, ரெண்டு வயசுக்குள்ள பாத்துட்டா பேச்சைக் கொண்டு வந்துரலாம். தள்ளிப் போடப் போடக் கஷ்டம்மா. இந்தா, இன்னும் கொஞ்ச நேரத்துல எங்க பிள்ளைங்க மேடையில பாடப் போறாங்க, பாரேன்."

நீங்களே சொல்லுங்க. காது கேளாத பிள்ளைங்க எப்படிப் பாடும்? ஒரு பொய்யைச் சொன்னாலும் பொருந்துற மாதிரிச் சொல்ல வேண்டாமா?

டீச்சராவே இருக்கட்டும். எங்க ஊர்ல டீச்சர்மாரு கோடை லீவுல வீடு வீடா வருவாங்க. நோட்டுத் தாரோம், பை தாரோம், பிள்ளையை எங்க பள்ளிக்கூடத்துல சேருங்கம்பாங்க. பிள்ளைங்க தொகை குறைஞ்சா அவங்க வேலைக்கு ஆபத்து. இந்த அம்மாவுக்கும் அதே நிலைமையா இருந்தா? நல்ல பிள்ளையைக் காட்டி இது செவிடுன்னு சொல்லித்தானே அவங்க பள்ளிக்கூடத்துக்கு ஆள் சேர்க்க முடியும்? இப்படித்தான் எனக்குத் தோணுச்சு. இப்பவும் அப்படித்தான் தோணுது. பெரும்பாலும்.

பிள்ளையை வாரி எடுத்துக்கிட்டு எழும்பினேன். நெஞ்சுல ரிப்பன் பூ குத்துன தொண்டர் ஒருத்தர் அந்த வழியா வந்தார். நாலு பேர் முன்னால வாயே திறக்காத நான் அன்னிக்குச் சத்தமாச் சொன்னேன். "அண்ணாச்சி, இந்தம்மா என் பிள்ளையை விடாமப் பாத்துக்கிட்டே இருக்காங்க. பிள்ளையைக் கொண்டு வா கொண்டு வான்னு சொல்லுதாங்க."

நான் பொய் சொல்லலை. அவங்க சொன்னதுதான். ஆஸ்பத்திரிங்கிறதை மட்டும் சொல்லலை.

அவ்வளவுதான், சுத்தி ஆள் கூடிருச்சு. மைனி பாயை விட்டுட்டு ஓடி வந்தாங்க. "முழியைப் பாரு, கண்ணாடிக்குள்ள." "பையைத் தட்டிப் பாருங்க அண்ணாச்சி." தட்டினாங்க. பை நிறைய மிட்டாய். குச்சி மிட்டாய், ரெண்டு மூணு பாக்கெட். "பாத்தியளா!"ன்னு மைனி கையைத் தட்டினாங்க. "பிள்ளைக்கு மிட்டாய் காட்டித்தான கூட்டிட்டுப் போவாளுவ!" அந்த அம்மா, "அது எங்க பிள்ளைங்களுக்கு. அடுத்தது அவங்கதான். நான் இங்க இருந்து கை காட்டினாத்தான் அவங்களுக்குத் தெரியும். முடிச்சுட்டு எங்க கூப்பிட்டாலும் வாரேன்"னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. யாரு கேட்டா? ரெண்டு பேர் நடுவுல விட்டு ஆபீஸ் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நான் என் பாய்ல உட்கார்ந்தேன். மைனி அன்னிக்குத்தான் என்னைத் தட்டிக் குடுத்தாங்க. "நீ வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். பொழச்சுக்குவ."

அந்த நேரம் பாத்து மேடையில பன்னிரண்டு பிள்ளைங்க வந்து வரிசையா நின்னுச்சு. வெள்ளைச் சட்டை, ரிப்பன் வச்ச சடை. பாட்டு ஸ்பீக்கர்ல ஆரம்பிச்சுருச்சு. அதுங்க பாடலை. கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, அத்தனை பேரும் ஸ்பீக்கர் பெட்டிப் பக்கமே பாக்குதுங்க. எனக்குப் பக்கத்துல காலியாக் கிடக்கிற பாயைப் பாக்குதுங்க. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. கூட்டத்துல சிரிக்கிறாங்க. ஒரு சின்னப் பிள்ளை அழ ஆரம்பிச்சுருச்சு, ஆனா இடத்தை விட்டு நகரலை.

பிறகு வரிசையில பெரிய பொண்ணு ஒண்ணு முன்னால வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மத்ததுங்களைப் பாத்து நின்னுச்சு. கையைத் தூக்கினா. அப்புறம் பன்னிரண்டும் கையாலே பாடுச்சு. விரலாலே. மலைன்னா மலை தெரிஞ்சுது, தண்ணின்னா தண்ணி தெரிஞ்சுது. நான் அப்படி ஒண்ணைப் பாத்ததே இல்லை.

இவன் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு எழும்பி நின்னான். அதுவரைக்கும் ஒரு பாட்டுக்கும் மேடைப் பக்கம் திரும்பாத பிள்ளை. வாயைத் திறந்துக்கிட்டுப் பாக்கான். ஒரு கையை மேல கொண்டு போனான். விரலை மடக்கினான், விரிச்சான். பாத்தீங்களா, பாட்டுக் கேட்டுத்தானே ஆடுதான்னு நான் மைனிகிட்ட காட்டினேன். மைனியும், "அப்பனை மாதிரியே தாளம் போடுதான்"னாங்க.

அப்ப ஜெனரேட்டர் நின்னு போச்சு.

சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய மைதானத்துல காக்கா கத்துறது கேக்குது. மேடையில பிள்ளைங்களுக்கு முகம் கூட மாறலை, பாடிக்கிட்டே இருக்கு. இவனும் நிப்பாட்டலை. விரலை மடக்கி, விரிச்சு, மடக்கி, விரிச்சு. மைனி எழும்பி நின்னு ஜெனரேட்டர்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க பாக்கலை. நான் மட்டும்தான் பாத்தேன். இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

அந்த அம்மாவை விசாரிச்சுட்டு அரை மணி நேரத்துல அனுப்பிட்டாங்க. உண்மையிலேயே டீச்சர்தான். பேரு கூட ஏதோ சொன்னாங்க, ஜெபக்கனி டீச்சர்னு. திரும்பி வந்து பாயை மடிச்சாங்க. பையை எடுத்துக்கிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருக்கலாம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். போகும்போது குனிஞ்சு, "ரெண்டு வயசுக்குள்ளம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.

அவ்வளவு நல்லவங்களா ஒருத்தங்க இருக்க முடியுமா? அதுவே எனக்குச் சந்தேகம்தான்.

வீட்டுல மைனி சொன்ன கதைதான் நின்னுச்சு. பிள்ளை பிடிக்க வந்தவளை என் பொண்டாட்டி மடக்கிட்டான்னு எங்க வீட்டுக்காரங்க சபை முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. போன ஞாயித்துக்கிழமை ஆலயத்துல போதகர் ஐயர் அறிவிப்பு வாசிச்சாங்க, பாட்டுப் பண்டிகைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை ஜாக்கிரதையாய்ப் பார்த்துக்கொள்ளவும்னு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பெருமையாத்தான் பாத்தாங்க.

இவனுக்குக் காது நல்லாவே கேக்கும். இவன் அப்பா தபேலா வாசிச்சா ஓடி வந்து கன்னத்தை அது மேல வச்சுக்கிட்டுச் சிரிப்பான். கேக்காமலா சிரிப்பான்? குக்கர் விசிலுக்குத் திரும்ப மாட்டான், அது தினமும் அடிக்கிறதுதானே. கதவைத் தட்டினா திரும்ப மாட்டான், விளையாட்டுல கவனம். இன்னும் அம்மான்னு சொல்லலை. ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்னு எல்லாரும் சொல்றாங்க. வார வெள்ளிக்கிழமையோட ரெண்டு வயசு முடியுது.

தாசன்விளை விலக்கு வந்துருச்சு. இறங்குங்க, பைய இறங்குங்க. பாயை மறந்திராதீங்க. ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் உட்காராதீங்க, உங்க பிள்ளை தாங்காது.

நாங்க இறங்கலை. எனக்கு டிக்கெட் டவுன் வரைக்கும். பெரியாஸ்பத்திரியில பன்னிரண்டு மணி வரைக்கும் சீட்டுக் குடுப்பாங்களாம். எங்க வீட்டுக்காரங்க பாட்டுக் குழு வேன்ல காலையிலேயே பண்டிகைக்குப் போயிட்டாங்க, நான் பின்னால பஸ்ஸுல வாரேன்னு சொல்லியிருக்கேன். சாயங்காலம் அவங்க மேடை ஏறுறதுக்குள்ள வந்து சேர்ந்துக்குவேன். வேற ஒண்ணும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லைன்னு டாக்டர் கையால எழுதி வாங்கிட்டு வரணும். அந்த டீச்சர் மூஞ்சிக்கு நேரா அதை நீட்டணும். அதுக்குத்தான் போறேன். எங்க மைனியைப் பாத்தா நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியாதுல்லா, நல்லதாப் போச்சு.

முழிச்சுட்டான் பாருங்க. உங்க பிள்ளையைத்தான் பாக்கான். இல்லைங்க, அங்க படியில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. கீழே இறங்கி இப்படி ஜன்னலுக்கு நேரா, அவன் கண்ணுக்கு முன்னால வந்து நின்னு கையை ஆட்டுங்க.

அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.